பெயருக்குப் பதில் ஓர் இலக்கம்: அவுஸ்திரேலியத் தடுப்பு முகாம்களின் வரலாறு

2012 ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். கிழக்குக் கரையோரப் பாடசாலை ஒன்றில் நான் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்த காலம். அந்த ஒரு வருடத்தில் மாத்திரம் இலங்கையிலிருந்து ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் வள்ளங்களில் ஏறி அவுஸ்திரேலியக் கரையை அடைந்திருந்தனர். ஒரு நாள் பின்னேரம் அயலூர்த் தாய் ஒருவர் ஒரு கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். கடலோடிய மகன் தடுப்பு முகாமிலிருந்து அனுப்பிய பிரதி அது. வாசித்து விளக்கஞ் சொல்லும்படி கேட்டார். கடிதத்தின் தலைப்பில் மூன்று ஆங்கில எழுத்துக்களும் ஓர் இலக்கமும் இருந்தன.

"என்ட மகன்ட பேர் எங்க, சேர்?" என்றார்.

மூன்றாவது வரியில், எழுத்துப் பிழையோடு, பெயர் இருந்தது. விரலால் தொட்டுக் காட்டினேன். ஆனால் தலைப்பிலிருந்த எழுத்துக்களும் இலக்கமும் எதைக் குறிக்கின்றன என்று அவருக்கு விளக்க என்னால் முடியவில்லை. மூன்று எழுத்துக்கள் அவர் மகன் வந்த வள்ளத்தையும், இலக்கம் அந்த வள்ளத்தின் பட்டியலில் அவனுக்குரிய இடத்தையும் குறித்தன என்பதைப் பல வருடங்களுக்குப் பின்னரே அறிந்தேன். அதை எனக்கு அறிவித்தது ஓர் இலக்கிய நூல்.

அந்த நூலை எழுதியவர் பெஹ்ரூஸ் பூச்சானி. ஈரானின் இலாம் மாகாணத்தைச் சேர்ந்த குர்திஷ் ஊடகவியலாளர். 2013 ஜூலையில் கிறிஸ்மஸ் தீவை அடைந்து, அடுத்த மாதமே பப்புவா நியூகினியின் மனுஸ் தீவிலுள்ள முகாமுக்கு அனுப்பப்பட்டவர். அங்கே அவர் எம்.ஈ.ஜி. 45. காகிதத்தில் எழுதினால் காவலர்கள் பறித்துக்கொள்வார்கள் என்ற பயத்தில், கையடக்கத் தொலைபேசியில் பாரசீக மொழியில் துண்டு துண்டாக எழுதி வட்ஸ்அப் மூலம் வெளியே அனுப்பினார். ஒமிட் டொஃபீகியன் அதனை ஆங்கிலமாக்கினார். 'மலைகளன்றி நண்பரில்லை' என்று பொருள்படும் தலைப்போடு 2018 இல் அந்நூல் வெளியாயிற்று. 2019 ஜனவரியில் அவுஸ்திரேலியாவின் மிகப் பெரிய பரிசுத் தொகை கொண்ட விக்டோரிய இலக்கியப் பரிசு, ஒரு இலட்சம் டொலர், அதற்கே கிடைத்தது. பரிசளித்த நாட்டுக்குள் கால் வைக்கப் பரிசு பெற்றவருக்கு அனுமதி இருக்கவில்லை.

இந்த முரண் எப்படி உண்டானது என்று தேடிப் போனபோது எனக்குக் கிடைத்த வரலாற்றையே இங்கு எழுதுகிறேன். முகாம்களில் நடந்த அடிஉதைகளை மட்டும் தொகுத்தால் அந்த வரலாறு விளங்காது. அதன் வேர் ஒரு சட்ட வாக்கியத்தில் இருக்கிறது.

அகதிகள் பற்றிய 1951 ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கை நடைமுறைக்கு வர ஆறு நாடுகளின் இணைவு தேவைப்பட்டது. 1954 ஜனவரியில் ஆறாவது நாடாக இணைந்து அதற்கு உயிர் கொடுத்தது அவுஸ்திரேலியாவே. உயிராபத்துள்ள இடத்திலிருந்து நேராக வந்தவர் அனுமதியின்றி நுழைந்தார் என்பதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்பது அவ்வுடன்படிக்கையின் 31 ஆம் உறுப்புரை.

1989 இன் இறுதியிலிருந்து கம்போடியர்கள் வள்ளங்களில் வரத் தொடங்கினர். அவர்களை நீதிமன்றம் விடுவித்துவிடலாம் என்ற நிலையில், 1992 மே மாதத்தில் பிரதமர் போல் கீட்டிங்கின் தொழிற்கட்சி அரசாங்கம் கட்டாயத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தில் 273 நாட்கள் என்ற எல்லையாவது இருந்தது. 1994 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த எல்லையையும் நீக்கிவிட்டது.

1992 டிசம்பரில் உயர் நீதிமன்றம் இச்சட்டத்தை ஆராய்ந்தபோது ஒரு வேறுபாட்டை வகுத்தது. தண்டனை வழங்குவது நீதிமன்றத்தின் அதிகாரம். விண்ணப்பத்தை ஆராயவோ நாடு கடத்தவோ ஒருவரைத் தடுத்து வைப்பது தண்டனையாகாது, அது நிர்வாக நடவடிக்கை என்றது. கேட்பதற்கு இது மென்மையான வார்த்தைதான். ஆனால் தண்டனை இல்லை என்றால் குற்றச்சாட்டும் தேவையில்லை, விசாரணையும் தேவையில்லை, விடுதலைத் தேதியும் தேவையில்லை. கோழி திருடியவன்கூடத் தான் வெளியே வரும் நாளைச் சிறைச் சுவரில் கோடு போட்டு எண்ணலாம். எந்தக் குற்றமும் செய்யாத அகதிக்கு எண்ணுவதற்கு நாள் இல்லை. பின்னர் நடந்தவை எல்லாம் இந்த ஒரு துவாரத்தின் வழியாகவே நுழைந்தன என்பது என் எண்ணம்.

தென் அவுஸ்திரேலியப் பாலைவனத்தில், பழைய ஏவுகணைப் பரிசோதனைத் தளத்துக்கு அருகே, 1999 நவம்பரில் வூமரா முகாம் திறக்கப்பட்டது. 400 பேருக்கென அமைக்கப்பட்ட அதில் சில மாதங்களுக்குள் 1,500 பேர் வரை அடைக்கப்பட்டனர். ஆப்கானிய ஹஸாராக்கள், ஈராக்கியர், ஈரானியர் அவர்களில் அதிகம். முகாமை நடத்தியது சிறைச்சாலைகளை நடத்தும் ஒரு தனியார் கம்பனி. தலிபான் ஆட்சி வீழ்ந்ததைக் காரணங்காட்டி ஆப்கானியரின் விண்ணப்பங்கள் கிடப்பில் போடப்பட்டபோது, 2002 ஜனவரியில் உண்ணாவிரதம் இருந்தவர்களிற் பலர் தம் உதடுகளை ஊசி நூலால் தைத்துக்கொண்டனர். 'நாகரிகமற்ற செயல்' என்று வெளியே பலர் முகஞ் சுளித்தனர். பேசிப் பயனில்லாத இடத்தில் வாய் எதற்கு என்பதே அந்தத் தையலின் பொருள் என்பதைப் புரிந்துகொண்டவர் சிலரே. 2003 இல் வூமரா மூடப்பட்டது.

அதற்கு முன்னரே பிரச்சினையைக் கடலுக்கு அப்பால் தள்ளும் வழி கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 2001 ஓகஸ்ட் 26 ஆம் திகதி, மூழ்கும் நிலையிலிருந்த வள்ளத்திலிருந்து 433 புகலிடக் கோரிக்கையாளர்களை நோர்வேயின் 'டம்பா' என்ற சரக்குக் கப்பல் காப்பாற்றியது. கப்டன் ஆர்ன் ரின்னன் கடலோடிகளின் பழைய தர்மத்தைச் செய்தார். கிறிஸ்மஸ் தீவை நெருங்கிய கப்பலில் அவுஸ்திரேலியா தன் விசேட படையினரை ஏற்றியது. காப்பாற்றப்பட்டவர்களில் ஒரு பகுதியினரை நியூசிலாந்து ஏற்றது. ஏனையோர் நவுறு என்ற 21 சதுர கிலோமீற்றர் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பொசுபேற்றுத் தோண்டித் தோண்டி வெறுமையாகிப் போன, கடனில் தத்தளித்த நாடு அது. பணம் கொடுத்து முகாம் அமைப்பது இலகுவாயிற்று. மனுஸ் தீவிலும் ஒரு முகாம் எழுந்தது.

அகதிகள் தம் பிள்ளைகளைக் கடலில் வீசினார்கள் என்று அவ்வருடம் ஒக்டோபரில் அமைச்சர்கள் கூறியது பொய் என்பது பின்னர் செனட் விசாரணையில் வெளிப்பட்டது. ஆனால் நவம்பர்த் தேர்தல் அதற்குள் முடிந்து, ஜோன் ஹவார்ட் மீண்டும் பிரதமராகியிருந்தார். இடையில், ஒக்டோபர் 19 இல், பெயர்கூடப் பதியப்படாத ஒரு வள்ளம் மூழ்கி 353 பேர் இறந்தனர். இல்லாத பிள்ளை வீச்சு தலைப்புச் செய்தியாயிற்று. உண்மையாகவே மூழ்கிய பிள்ளைகளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

2004 மே மாதத்தில் அவுஸ்திரேலிய மனித உரிமைகள் ஆணைக்குழு, தடுப்பிலிருந்த சிறுவர்கள் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. 1999 ஜூலையிலிருந்து 2003 ஜூன் வரை வீசா இன்றி வந்து புகலிடம் கேட்ட 2,184 சிறுவர்கள் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களில் 92 வீதத்துக்கும் அதிகமானோர் உண்மையான அகதிகள் என அந்த அரசாங்கமே பின்னர் ஏற்றுக்கொண்டது. ஒரு பிள்ளை 5 வருடமும் 5 மாதமும் 20 நாளும் தடுப்பில் இருந்திருக்கிறது. பாலர் வகுப்புக்குப் போகவேண்டிய வயதில் உள்ளே போகும் பிள்ளை ஆறாம் வகுப்பில் வெளியே வரும் காலம் அது. பத்து வருடங்களின் பின், கிலியன் ட்ரிக்ஸ் தலைமையில் அதே ஆணைக்குழு மறுபடி ஆராய்ந்தது. தடுப்பிலிருந்த சிறுவரில் 34 வீதமானோருக்குக் கடுமையான மனநலப் பாதிப்பு இருந்தது. வெளியிலிருந்த அவுஸ்திரேலியச் சிறுவரிடையே இது 2 வீதத்துக்கும் குறைவு. வைத்தியம் தேடவேண்டிய அரசாங்கம் ட்ரிக்ஸ் அம்மையாரைப் பதவி விலகச் செய்ய முயன்றது.

2004 ஓகஸ்டில் இன்னொரு கதவும் மூடிற்று. குவைத்தில் பிறந்த, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத ஒரு பலஸ்தீனர், "என்னை எங்காவது அனுப்பிவிடுங்கள்" என்று தானே எழுதிக் கேட்டிருந்தார். ஏற்க எந்த நாடும் இல்லை. அப்படியானால் அவரை ஆயுள் முழுவதும் அடைத்து வைக்கலாமா? நான்குக்கு மூன்று என்ற கணக்கில், சட்டப்படி வைக்கலாம் என்றது உயர் நீதிமன்றம்.

இதன் நிழல் நம்மவர் மீதும் விழுந்தது. 2009 இலிருந்து வந்தவர்களில், அகதிகள் என அவுஸ்திரேலியா ஏற்றுக்கொண்ட சிலரைப் புலனாய்வுத் துறை 'பாதுகாப்புக்கு ஆபத்தானவர்' எனக் குறித்தது. அகதி என்பதால் திருப்பி அனுப்ப முடியாது. ஆபத்தானவர் என்பதால் வெளியே விடவும் முடியாது. காரணம் என்னவென்று அவர்களுக்கோ அவர்களுடைய சட்டத்தரணிகளுக்கோ சொல்லப்படவில்லை. இப்படி அடைபட்ட 46 பேர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழுவிடம் முறையிட்டனர். 42 பேர் இலங்கைத் தமிழர், மூவர் ரோஹிங்கியர், ஒருவர் குவைத்திலிருந்து வந்தவர். 2013 ஓகஸ்டில் குழு அவர்கள் தொடர்பாக 143 உரிமை மீறல்களைக் கண்டது.

அடுத்த வருடம் கடலே தடுப்பு முகாமாயிற்று. 2014 ஜூலையில் இலங்கையர் 41 பேர் நடுக்கடலில் வைத்தே இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களில் 37 பேர் சிங்களவர், நால்வர் தமிழர். அதே நேரம் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 தமிழர்கள், சிறுவர்கள் உட்பட, ஒரு சுங்கக் கப்பலின் ஜன்னலற்ற அறைகளில் ஏறத்தாழ ஒரு மாதம் வைக்கப்பட்டுப் பின்னர் நவுறுவுக்கு அனுப்பப்பட்டனர். அதுவும் சட்டப்படி சரியே என்று 2015 ஜனவரியில், மறுபடியும் நான்குக்கு மூன்று என்று, தீர்ப்பாயிற்று.

2008 இல் மூடப்பட்ட நவுறு, மனுஸ் முகாம்கள் 2012 இல் மீண்டும் திறக்கப்பட்டிருந்தன. 2013 ஜூலை 19 இல் பிரதமர் கெவின் ரட், இனி வள்ளத்தில் வரும் எவரும் அகதியாயினும் அவுஸ்திரேலியாவில் ஒருபோதும் குடியேற்றப்படமாட்டார் என அறிவித்தார். பூச்சானி கரை சேர்ந்தது அதற்கு நான்கு நாள் பிந்தி.

மனுஸில் 2014 பெப்ரவரியில் கலவரம் மூண்டது. ரேஸா பராட்டி என்ற 23 வயது ஈரானிய குர்திஷ் இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். காவலிலிருந்தவரைக் கொன்றவர்கள் காக்கச் சம்பளம் பெற்றவர்கள். முகாமில் வேலை செய்த இரண்டு உள்ளூர்வாசிகளுக்கு 2016 இல் தண்டனை கிடைத்தது. வெளிநாட்டுக் காவலர்களும் தாக்கினர் என்று சாட்சிகள் கூறியபோதும் அவர்களில் எவரும் நீதிமன்றம் ஏறவில்லை. அதே வருடம் ஹமீத் கஸாயி என்ற 24 வயது ஈரானியருக்குக் காலில் ஒரு புண் வந்தது. தீவிலிருந்த வைத்தியர் உடனே இடமாற்றும்படி கேட்டார். கோரிக்கை அலுவலகங்களின் மின்னஞ்சல்களில் அலைந்தது. ஏன் இங்கேயே வைத்தியம் செய்யக்கூடாது என்று கேள்வி வந்தது. நஞ்சு இரத்தத்தில் ஏறி, செப்டம்பர் 5 இல் பிரிஸ்பேன் வைத்தியசாலையில் அவர் இறந்தார். தடுத்திருக்கக்கூடிய மரணம் என்று 2018 இல் மரண விசாரணை அதிகாரி தீர்மானித்தார். பராட்டியைக் கை கொன்றது. கஸாயியைக் கடிதப் போக்குவரத்து கொன்றது.

இவையெல்லாம் வெளியே தெரியாதிருக்கவும் ஏற்பாடுகள் இருந்தன. நவுறு அரசு ஊடகவியலாளருக்கான வீசாக் கட்டணத்தை 2014 இல் 200 டொலரிலிருந்து 8,000 டொலராக்கியது. வீசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. முகாமில் கண்டதை வெளியிடும் ஊழியருக்கு இரண்டு வருடச் சிறை என்ற அவுஸ்திரேலியச் சட்டம் 2015 இல் நடைமுறைக்கு வந்தது. வைத்தியர்கள் எதிர்த்துப் போராடிய பின்பே அது தளர்ந்தது. ஆயினும் 2016 ஓகஸ்டில், நவுறு முகாம் ஊழியர்களே எழுதிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சம்பவ அறிக்கைகளை 'கார்டியன்' பத்திரிகை வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்டவை சிறுவர் சம்பந்தப்பட்டவை. தாக்குதல், பாலியல் துன்புறுத்தல், தன்னைத்தான் காயப்படுத்தல் எனப் பிரித்து, படிவத்தில் ஒழுங்காக நிரப்பிக் கோவையில் இட்டிருந்தார்கள். அறியாமல் நடந்தது என்று சொல்ல யாருக்கும் இடமில்லை.

2016 ஏப்ரலில் பப்புவா நியூகினியின் உச்ச நீதிமன்றம், தனிமனித சுதந்திரத்தை உறுதிப்படுத்தும் அந்நாட்டு அரசியலமைப்புக்கு மனுஸ் தடுப்பு முரணானது என ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. பணக்கார நாட்டின் நீதிமன்றம் காணாததை ஏழை நாட்டின் நீதிமன்றம் கண்டது. 2017 ஜூனில், மனுஸில் அடைக்கப்பட்ட 1,905 பேருக்கு 70 மில்லியன் டொலர் நஷ்டஈடு தர அவுஸ்திரேலிய அரசு இணங்கியது. ஆனால் தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒக்டோபர் 31 இல் முகாம் மூடப்பட்டபோது, வேறோர் முகாமுக்கு மாற மறுத்த சுமார் 600 பேருக்கு உணவும் நீரும் மின்சாரமும் நிறுத்தப்பட்டன. கிணறு தோண்டியும் மழை நீரைப் பிடித்தும் மூன்று வாரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தனர். பின்னர் பொலிஸார் பலவந்தமாக வெளியேற்றினர்.

அந்த நாட்களின் செய்திகளை உலகுக்கு அனுப்பியவர்களில் ஒருவர் பூச்சானி. அவர் தொலைபேசியில் இரகசியமாக எடுத்த காட்சிகளைக் கொண்டு 2017 இல் ஒரு திரைப்படமும் உருவாகியிருந்தது. அதன் பெயரில் வரும் 'சௌக்கா' மனுஸ் தீவுக்கே உரிய பறவை. அதன் குரல் கேட்டு நேரம் அறிவது அத்தீவு மக்களின் வழக்கம். முகாமிலிருந்த தனிமைச் சிறைக்கும் அதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ஒரு மக்களின் கடிகாரமாக இருந்த பறவையின் பெயரை, நேரமே நகராத ஓர் அறைக்குச் சூட்டியிருக்கிறார்கள். பெயர்களை இப்படியும் கொல்லலாம். பூச்சானி இதற்கு எதிர்வினையாகச் செய்தது எழுத்தாளன் செய்யக்கூடிய ஒரே வேலை. அரசாங்கம் பரிசீலனை நிலையம் என்றதை அவர் சிறை என்று எழுதினார். இலக்கங்களாய் நின்றவர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டி, அவரவர் நடையோடும் சிரிப்போடும் மனிதராக்கினார்.

மறுபக்க நியாயத்தையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை குறையுடையதாகும். 2008 க்கும் 2013 க்கும் இடையில் அவுஸ்திரேலியாவை நோக்கிய கடற்பயணத்தில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். ஆட்கடத்தும் வியாபாரிகள் அம்மரணங்களில் இலாபம் பார்த்தனர். எங்கள் கரையிலும் நகை விற்று, காணி ஈடு வைத்து அவர்களிடம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். வள்ளங்களை நிறுத்தவே இவை என்று அரசாங்கம் சொன்னதை முற்றிலும் பொய் என்று ஒதுக்க என்னால் முடியாது. ஆனால் அந்த வாதத்துக்குள் ஒளிந்திருப்பதைப் பார்க்க வேண்டும். இனிமேல் வரக்கூடிய ஒருவனைப் பயமுறுத்துவதற்காக, ஏற்கனவே வந்துவிட்ட ஒருவனை வருடக்கணக்கில் வாட வைப்பது அது. அந்த மனிதன் செய்த எதற்காகவும் இல்லை. அவன் ஒரு அறிவித்தல் பலகை. தண்டனை இல்லை என்று 1992 இல் சொல்லப்பட்டது இருபது வருடத்தில் பிறருக்குப் பாடமாகும் தண்டனையாக முடிந்தது.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தன் 2004 ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தானே மாற்றியது. அனுப்ப நாடில்லாத ஒருவரைக் காலவரையறையின்றி அடைப்பது தண்டனையே, அது நீதிமன்றத்துக்கு மட்டுமுரிய அதிகாரம் என்றது. வழக்காடியவர் நாடற்ற ஒரு ரோஹிங்கியர். கடுங் குற்றமொன்றுக்காகச் சிறைத்தண்டனையை அனுபவித்தவர். நல்லவருக்கு மட்டும் கிடைத்தால் அது உரிமையாகாது, சலுகையாகும் என்பதால் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 2023 ஜூனில் வெறுமையான நவுறுவுக்குச் செப்டம்பரிலேயே புதிதாக வள்ளத்தில் வந்தவர்கள் அனுப்பப்பட்டனர். 2025 இல், இத்தீர்ப்பால் விடுதலையானவர்களையும் நவுறுவுக்கு அனுப்ப அந்நாட்டோடு ஓர் உடன்பாடு செய்யப்பட்டது.

இதையெல்லாம் எழுதிவிட்டு அவுஸ்திரேலியாவை நோக்கி விரல் நீட்டி முடித்துவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. முகாம் என்ற சொல் நமக்குப் பாடப்புத்தகத்தில் வந்ததன்று. 1990 ஒக்டோபருக்குப் பிறகு புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களும், 2009 இல் முட்கம்பிக்குள் இருந்த மெனிக் பாமும் நம் காலத்து வரலாறு. அகதியாக இருந்த நாம் அகதியை வரவேற்பவராகவும் இருக்கவேண்டி வந்தபோது என்ன செய்தோம்? இலங்கை இன்றுவரை 1951 உடன்படிக்கையில் இணையவில்லை. 2017 செப்டம்பரில் கல்கிசையில் ஐக்கிய நாடுகளின் பொறுப்பில் ஒரு வீட்டில் தங்கியிருந்த ரோஹிங்கிய அகதிகளை, குழந்தைகளையும் பெண்களையும், பிக்குகள் முன்செல்ல ஒரு கும்பல் முற்றுகையிட்டது. 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியரோடு ஒரு படகு முல்லைத்தீவுக் கரைக்கு வந்தது. கரையோர மக்கள் முதலில் செய்தது உணவு கொடுத்தது. பின்னர் அவர்கள் கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் வைக்கப்பட்டனர். பார்க்கச் சென்ற மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அதிகாரிகளுக்கு முதலில் அனுமதி கிடைக்கவில்லை. பெரியதொரு அநியாயம் இப்படித்தான் தொடங்கும்: ஒரு கதவு, ஒரு பட்டியல், வெளியேறும் நாள் குறிக்கப்படாத ஒரு பத்திரம்.

அந்தத் தாயின் மகன் பின்னர் திருப்பி அனுப்பப்பட்டான். இப்போது பக்கத்து ஊரில் வலை பின்னும் இடத்தில் வேலை செய்கிறான். ஒரு முறை சந்தித்தபோது முகாமைப் பற்றிக் கேட்டேன். அதிகம் பேசவில்லை. "காலையில சாப்பாட்டுக்கு லைன்ல நிக்கேக்க நம்பரைத்தான் கூப்பிடுவாங்க, சேர். வீட்டுக்கு வந்தாப் பிறகு அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டா, கொஞ்ச நாளைக்கு நான் திரும்பிப் பாக்கல்ல" என்றான்.

கடிதம் வாசித்த அன்று அவன் தாய் கேட்ட கேள்விக்கு மூன்றாவது வரியைக் காட்டியது போதாது என்று அப்போதுதான் உணர்ந்தேன். அடுத்த படகு நம் கரைக்கு வரும்போது, நம்மில் எவராவது முதலில் அவர்களுடைய பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டும்.